தனி ஒப்பந்ததாரரை வைத்து வீட்டுக்கு ஹீட்டிங் போடுவது: எதைக் கேட்பது, எதை அளப்பது, பணத்தை எப்போது கொடுப்பது

கேள்வி சுருக்கமாக இது: பழைய பாய்லரை (நீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பும் இயந்திரத்தை) எடுத்துவிட்டு வீடு முழுவதற்கும் புதிதாக ஹீட்டிங் போட வேண்டும். கம்பெனிகள் தரும் கொட்டேஷனைவிடத் தனியாகத் தொழில் செய்யும் ஒருவர் கணிசமாகக் குறைத்துக் கேட்கிறார். அவரிடம் வேலையைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கொடுக்கலாம். தனி ஆள் என்பதாலேயே வேலை மட்டமாகிவிடாது. கம்பெனியிடம் கொடுத்தாலும் கடைசியில் வந்து குழாய் இணைப்பவர் ஒருவர்தான். பல நேரம் அவரும் வெளியிலிருந்து கூப்பிடப்பட்ட தனி ஒப்பந்ததாரராகவே இருப்பார். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனியில் கணக்குப் போட ஒருவர், மாட்ட ஒருவர், ஓட்டிப் பார்த்துச் சோதிக்க ஒருவர் என்று இருக்கலாம். தனி ஆள் மூன்றையும் தானே செய்கிறார். நேரம் நெருக்கினால் அவர் கைவைப்பது முதலாவதிலும் மூன்றாவதிலும்தான். மாட்டுகிற வேலை கண்ணுக்குத் தெரியும், அதைக் குறைக்க முடியாது. கணக்கும் சோதனையும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உங்கள் கவனம் முழுக்க அந்த இரண்டின் மேல் இருக்கட்டும். எந்த பிராண்டு பாய்லர் என்பதற்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

முதலில் கணக்கு

ஒப்பந்ததாரர் வீட்டைப் பார்க்க வந்தவுடன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். டேப்பை எடுத்து அறை அறையாக அளந்து, ஜன்னல் எத்தனை கண்ணாடி, சுவர் எதனால் கட்டியது, கூரைக்கு மேல் இன்சுலேஷன் எத்தனை தடிமன் என்று குறித்துக்கொள்கிறாரா? அல்லது பழைய பாய்லரின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு "இதே அளவு போட்டுடலாம், வேணும்னா கொஞ்சம் பெரிசா போட்டுக்கலாம்" என்கிறாரா? இரண்டாமவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் சொன்னது குத்துமதிப்பு. பழைய பாய்லரே அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு ஜன்னலும் கூரையும் மாறியிருக்கலாம்.

வெப்ப இழப்புக் கணக்கு ஒன்றும் மாயவித்தை அல்ல. ஒவ்வொரு வெளிப்பரப்புக்கும் பரப்பளவு, அதன் யு மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெளியேறும் என்ற எண்), உள்ளே வெளியே வெப்பநிலை வித்தியாசம், இம்மூன்றின் பெருக்கல். அதோடு இடுக்குகளிலும் காற்றோட்டத்திலும் வெளியேறும் சூடு: அறையின் கனஅளவு × மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது × 0.33 × அதே வெப்பநிலை வித்தியாசம். ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். நீளப் பக்கம் மட்டும் வெளிச்சுவர், அதில் 2 சதுர மீட்டர் ஜன்னல். மேலே கூரை, கீழே சூடான அறை. சுவர் 10.5 × 0.5 = 5.25, ஜன்னல் 2 × 1.6 = 3.2, கூரை 20 × 0.2 = 4; காற்று 50 × 0.5 × 0.33 = 8.25. மொத்தம் ஒரு டிகிரிக்கு 20.7 வாட். உள்ளே 21, வெளியே மைனஸ் 5 என்றால் வித்தியாசம் 26. அறைக்குத் தேவை சுமார் 540 வாட். அதே அறையில் இன்சுலேஷன் இல்லாத தடித்த செங்கல் சுவர் இருந்து அதன் யு மதிப்பு 2 ஆனால் 950 வாட்டுக்கு ஏறிவிடும். சுவரைப் பார்க்காமல் கிலோவாட் சொல்பவர் எங்கே தவறுவார் என்பது இதிலிருந்தே தெரியும்.

அமெரிக்காவில் இதற்கு மேனுவல் ஜே என்றொரு முறை, ஐரோப்பாவில் ஈஎன் 12831 என்றொரு தரநிலை. எந்த முறையில் போட்டாலும் சரி, அறைவாரியாக எண் எழுதிய தாள் உங்கள் கையில் வர வேண்டும். அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தாலும் தாள் உங்களுடையது.

"பெரிசா இருந்தா என்ன கெட்டுப் போச்சு" என்ற கேள்வி வரும். கெடும். வீட்டின் உச்சகட்டத் தேவை 8 கிலோவாட் என்று வையுங்கள். வெளியே 7 டிகிரி இருக்கும் சாதாரணக் குளிர்நாளில் தேவை 4 கிலோவாட்டைச் சுற்றித்தான் இருக்கும். 30 கிலோவாட் பாய்லர் எவ்வளவு தணிந்து எரிந்தாலும் 6 கிலோவாட்டுக்குக் கீழே போகாத ரகமாக இருந்தால், சில நிமிடம் எரியும், தண்ணீர் சூடேறிவிடும், அணையும், மறுபடி பற்றும். நாள் முழுக்க இதே கதை. பற்றவைக்கும் பாகமும் விசிறியும் தேயும், எரிவாயு வீணாகும், வீடும் ஒரே சீராக இருக்காது. குழாய்நீரையும் அதுவே சூடாக்கும் காம்பி பாய்லரில் இந்தச் சிக்கல் பிறவியிலேயே உண்டு: நிமிடத்துக்கு 12 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 29 கிலோவாட் வேண்டும். ஆகவே குளியலுக்காகப் பெரிது வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஹீட்டிங் பக்கத்தின் அதிகபட்சத்தை பாய்லர் அமைப்பில் போய்க் குறைத்துவைக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே விட்டுப்போகும் வீடுகள் ஏராளம்.

ரேடியேட்டருக்கும் (உள்ளே சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகைக்கும்) இதே கவனம். அட்டவணையில் 1000 வாட் என்று போட்டிருப்பது, ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை அறையைவிட 50 டிகிரி அதிகமாக இருக்கும்போது கிடைப்பது: போகும் நீர் 75, திரும்பும் நீர் 65, அறை 20. 55-க்குப் போய் 45-க்குத் திரும்பினால் அதே ரேடியேட்டர் ஏறக்குறைய 515 வாட்தான் தரும். 45-க்குப் போய் 35-க்குத் திரும்பினால் 300. பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி) போடுகிறவர் பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுவிடலாம் என்றால், எந்த வெப்பநிலையில் எந்த அறைக்கு எத்தனை வாட் வரும் என்று அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சில அறைகளில் உண்மையிலேயே போதும். எல்லா அறையிலும் போதும் என்று கணக்கில்லாமல் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆளைச் சரிபார்ப்பது

பதிவு எண்ணை அவர் அட்டையில் பார்த்தால் போதாது. பதிவு வைத்திருக்கும் அமைப்பின் தளத்தில் நீங்களே தேடுங்கள். பிரிட்டனில் எரிவாயு வேலைக்கு கேஸ் சேஃப் பதிவேடு, கனடாவின் ஒன்டாரியோவில் டிஎஸ்எஸ்ஏ, அமெரிக்காவில் ஹீட் பம்பில் ஓடும் குளிர்பதன வாயுவைத் தொட ஈபிஏ 608 சான்று. உங்கள் இடத்தில் எது பொருந்துமோ அது. பெயர் இருக்கிறதா என்பதோடு எந்த வகை வேலைக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். எரிவாயுக் குழாய் இழுக்க அனுமதி உள்ளவருக்கு பாய்லர் மாட்ட அனுமதி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கேஸ் சேஃப் அட்டையின் பின்பக்கத்தில் இந்த வகைகள் அச்சிட்டிருக்கும். முன்பக்கத்தைக் காட்டி உள்ளே வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

காப்பீட்டில் மூன்று கேள்விகள். மூன்றாம் தரப்புக்கும் வீட்டுக்கும் சேதம் வந்தால் காக்கும் பாலிசி வேலை முடியும் நாள்வரை உயிரோடு இருக்கிறதா? பற்றவைப்பு, டார்ச் போன்ற நெருப்பு வேலைகள் அதில் அடங்குமா? அவரோடு வரும் உதவியாளுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? சான்றின் நகலை அவரிடம் வாங்குவதைவிட, காப்பீட்டு நிறுவனமே உங்களுக்கு நேரடியாக அனுப்பச் சொல்வது நல்லது. பழைய தேதியிட்ட பிடிஎஃப் பல கைகள் மாறிச் சுற்றும்.

இன்னொரு நுணுக்கம். "தனி ஒப்பந்ததாரர்" என்று காகிதத்தில் எழுதிவிட்டால் மட்டும் சட்டம் அவரை அப்படிக் கருதிவிடாது. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று நீங்கள் உத்தரவிட்டு, கருவிகளையும் கொடுத்து, நாள்கூலியாகப் பணம் தந்தால் பல நாடுகளில் நீங்கள் முதலாளி ஆகிவிடும் வாய்ப்புண்டு. காயத்துக்கும் வரிக்கும் நீங்கள் பதில் சொல்ல நேரலாம். முடிந்த வேலைக்கு மொத்தத் தொகை, நேரமும் கருவியும் அவருடையது, உதவியாளின் கூலி அவர் பொறுப்பு என்று இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

இந்த வேலைக்கான அனுமதி (பெர்மிட்) யார் பெயரில் எடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். எடுப்பவரே பொதுவாகப் பொறுப்பாளி. தொழில் உரிமம் உள்ளவர் "நீங்களே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்" என்றால் ஏன் என்று கேளுங்கள். நல்ல பதில் அபூர்வமாகத்தான் வரும்.

கொட்டேஷனில் என்ன இருக்க வேண்டும்

"பாய்லர் மாற்றுதல், ரேடியேட்டர் 9, பொருளும் கூலியும் சேர்த்து" என்று ஒற்றை வரியில் ஒரு தொகை வந்தால் அது கொட்டேஷன் அல்ல. இயந்திரத்தின் முழு மாடல் எண், அறைவாரியாக ரேடியேட்டர் அளவும் வகையும், குழாயின் விட்டமும் பொருளும், பம்ப், விரிவுத் தொட்டி, காந்த வடிகட்டி, வால்வுகள், கட்டுப்பாட்டுக் கருவி, புகைக்குழாய் போகும் வழி, பழையதைக் கழற்றி அகற்றுவது, சுவர்த்துளையை அடைத்துப் பூசுவது, மின்வேலை. ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று எழுத்தில் வேண்டும். சண்டை பெரும்பாலும் கடைசி மூன்றில்தான் வருகிறது. ஹீட் பம்புக்குத் தனி மின்சுற்று வேண்டும். மின்பலகையில் இடமில்லை என்பது இயந்திரம் வந்திறங்கிய பிறகு தெரிந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

பழைய வீட்டில் குழாய்களைச் சுற்றி வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொதிவு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். யாரும் கைவைப்பதற்கு முன் மாதிரி எடுத்துச் சோதித்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் "பாத்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூடுதல் வேலைக்கான விதி ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: எழுத்தில் விலை சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். வாட்ஸப் செய்தி போதும். வாய்ப்பேச்சு போதாது.

பாய்லரை நீங்களே வாங்கித் தருகிறேன் என்று சொல்லத் தோன்றும், கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் இயந்திரம் கோளாறானால் "பொருள் உங்களுடையது" என்பார் அவர். விற்றவரோ "மாட்டியது சரியில்லை" என்பார். நடுவில் குளிரில் நிற்பவர் நீங்கள். பொருளும் வேலையும் ஒரே கையில் இருப்பதே நல்லது. உத்தரவாதம் இரண்டு தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம்: இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் தருவது ஒன்று, வேலைக்கு ஒப்பந்ததாரர் தருவது ஒன்று. தயாரிப்பாளரின் நீண்ட உத்தரவாதம் பலசமயம் குறிப்பிட்ட நாளுக்குள் பதிவு செய்தால், அங்கீகாரம் பெற்றவர் மாட்டினால், வருடாவருடம் சர்வீஸ் செய்தால் மட்டுமே. பதிவு செய்துவிட்டேன் என்று அவர் சொல்வதைக் கேட்டு நிற்காமல், தயாரிப்பாளரிடமிருந்து வந்த உறுதிச் செய்தியைக் கேளுங்கள்.

தனி ஆளிடம் மட்டும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: நடுவில் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வந்து முடிப்பார்? நல்ல தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது வழக்கம். ஒரு பெயர் தயங்காமல் வரும். அந்தப் பெயருக்கும் பதிவு இருக்கிறதா என்று பார்த்து ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

பணம்

கேட்ட தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டால் பேசும் வலு போய்விடும். தவணையைத் தேதியோடு கட்டாதீர்கள், வேலையோடு கட்டுங்கள். கையெழுத்தின்போது சிறு தொகை; முக்கியப் பொருட்கள் பில்லோடு வீட்டில் இறங்கியதும் அவற்றின் விலை; குழாய் இழுத்து அழுத்தச் சோதனை உங்கள் கண்முன் நின்றதும் ஒரு பங்கு; ஓட்டிச் சோதித்து எண்கள் கைக்கு வந்ததும் ஒரு பங்கு. பத்து சதவீதமாவது முதல் உண்மையான குளிர்வாரம் கழியும்வரை நிற்கட்டும். வெயில் காலத்தில் வேலை செய்வதே புத்திசாலித்தனம், ஆள் நிதானமாகக் கிடைப்பார். ஆனால் வெயிலில் எந்த ஹீட்டிங்கும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

தனி ஒப்பந்ததாரர்களுக்குக் கையில் முதல் குறைவு, அதனால் பொருளுக்கு முன்பணம் கேட்பது இயல்பு. அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைக்கு நேரடியாக நீங்கள் செலுத்தி, பில்லை அவர் பெயரும் உங்கள் முகவரியும் இருக்கும்படி போடச் சொன்னால் இரு தரப்புக்கும் நிம்மதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒப்பந்ததாரர் கடைக்குப் பணம் கட்டாவிட்டால், நீங்கள் அவருக்குக் கொடுத்திருந்தாலும் கடைக்காரர் உங்கள் வீட்டின் மீது உரிமைக்கோரிக்கை பதிவு செய்ய முடியும். ஒவ்வொரு தவணைக்கும் முன் கடைக்குப் பணம் போனதற்கான ரசீதையும், உரிமையைக் கைவிடும் கடிதத்தையும் வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது எங்கே தவறும்

குழாயின் விட்டம். 10 கிலோவாட்டைக் கொண்டுபோக, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் ஓட வேண்டும். 22 மி.மீ. செம்புக் குழாயில் அது விநாடிக்கு 0.75 மீட்டர் வேகம், சத்தமில்லாமல் ஓடும். ஹீட் பம்பில் வித்தியாசம் 5 டிகிரிதான் என்றால் அதே 10 கிலோவாட்டுக்கு 29 லிட்டர். அதே குழாயில் வேகம் 1.5 மீட்டர். இரைச்சல் வரும், பம்ப் திணறும், ஓட்டம் போதாமல் இயந்திரம் பிழை காட்டி நிற்கும். பிரதானக் குழாய் 28 மி.மீ. ஆக வேண்டிய இடம் இது. பழைய குழாயிலேயே ஹீட் பம்பை இணைப்பவர் இந்தக் கணக்கைப் போட்டாரா என்று கேளுங்கள்.

பிளாஸ்டிக் குழாயில் ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ள ரகமே வேண்டும். குடிநீருக்கான படலமற்ற குழாயைப் போட்டால் குழாயின் சுவர் வழியே ஆக்சிஜன் நுழைந்துகொண்டே இருக்கும். இரும்பு ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகும். எழுத்து குழாயின் மேலேயே அச்சாகியிருக்கும், மூடுமுன் படித்துப் பாருங்கள்.

பழைய ரேடியேட்டர்களோடு புது பாய்லர் என்றால் உள்ளே கழுவாமல் இணைக்கவே கூடாது. பல வருடச் சேறு முதல் சில வாரத்தில் பாய்லரின் குறுகிய வெப்பமாற்றிக்குள் போய் உட்கார்ந்துவிடும். கழுவி, தெளிந்த நீர் வந்தபின், துருத் தடுப்பு மருந்தைக் குழாயமைப்பில் உள்ள மொத்த நீருக்குத் தக்க அளவு ஊற்றி, திரும்பும் குழாயில் பாய்லருக்கு முன்னால் காந்த வடிகட்டி. கழுவாமலேயே கழுவிவிட்டேன் என்று சொல்வது எளிது. வெளியேறும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்வது அதைவிட எளிது.

விரிவுத் தொட்டி, அதாவது சூடாகி விரியும் நீருக்கு இடம் தரும் காற்றடைத்த தொட்டி. தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 3 சதவீதம் விரியும். அமைப்பில் 120 லிட்டர் இருந்தால் சுமார் 3.5 லிட்டர் எங்காவது போயாக வேண்டும். பாய்லருக்குள் இருக்கும் 8 லிட்டர் தொட்டி இதற்கு விளிம்பில்தான் நிற்கிறது; 12 லிட்டர் என்றால் நிம்மதி. தொட்டியின் காற்றழுத்தத்தை நீர் நிரப்புமுன் சரிபார்க்க வேண்டும்: மேலே உள்ள ரேடியேட்டர் தொட்டியிலிருந்து 5 மீட்டர் உயரம் என்றால் 0.5 பார், அதோடு 0.3 சேர்த்து 0.8. குளிர்ந்த நிலையில் நீரின் அழுத்தம் அதற்குச் சற்று மேலே, 1.1 முதல் 1.3 பார். இதைச் சரியாக வைக்காவிட்டால் நடப்பது ஒரு சங்கிலி: சூடேறும்போது அழுத்தம் 3 பாரைத் தொடும், பாதுகாப்பு வால்வு சொட்டும், குளிர்ந்ததும் அழுத்தம் விழும், வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை தண்ணீர் நிரப்புவார், புது நீரோடு ஆக்சிஜன் வரும், மருந்து நீர்த்துப்போகும், துரு தொடங்கும். எங்கோ கசிகிறது என்று எல்லாரும் தரையைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வால்வின் வெளியேற்றுக் குழாய் உலோகமாக, கீழ்நோக்கி, கண்ணில் படும் இடத்தில், யார் மேலும் கொதிநீர் விழாதபடி முடிய வேண்டும்.

புகைக்குழாயும் கண்டென்சேட் குழாயும் (புகையிலிருந்து குளிர்ந்து வடியும் அமில நீரை வெளியேற்றுவது). கண்டென்சிங் பாய்லரின் (புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் மீட்கும் ரகம்) புகைக்குழாய் பாய்லரை நோக்கிச் சரிய வேண்டும், பொதுவாக 3 டிகிரி, அதாவது மீட்டருக்கு 5 செ.மீ. வாக்கில். மாறிச் சரிந்தால் அமில நீர் வெளிமுனையில் சொட்டும். முனையிலிருந்து ஜன்னல், கதவு, காற்றுத்துளைக்கு எவ்வளவு தூரம் என்பது தயாரிப்பாளர் கையேட்டில் படத்தோடு இருக்கும். டேப்பை வைத்து அளந்துபாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆகவே அலாரம் வைப்பதும் வேலையில் சேரும். கண்டென்சேட் குழாயை முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். வெளியே போயே தீர வேண்டுமென்றால் குறுகிய தூரம், நல்ல சரிவு, 32 மி.மீ. விட்டம், மேலே இன்சுலேஷன். மெல்லிய குழாயை வெளிச்சுவரில் நீளமாக இழுத்தால் வருடத்தின் மிகக் குளிர்ந்த காலையில் அது உறையும். பாய்லர் அன்றைக்குத்தான் நிற்கும்.

குளிர்பதன வாயு ஓடும் இணைப்பென்றால் இரண்டு சோதனைகள்: நைட்ரஜனை ஏற்றித் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தம் இறங்காமல் நிற்பது, பிறகு வெற்றிடப் பம்பால் 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இழுத்து, பம்பை மூடியபின் அது ஏறாமல் இருப்பது. பத்து நிமிடத்தில் இரண்டையும் முடித்தேன் என்றால் முடிக்கவில்லை. உள்ளே ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரைத் தின்னும்.

தரைக்கடியில் குழாய் போட்டால், பூச்சு கொட்டுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் டேப்பைத் தரையில் விரித்துப் படமெடுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும். 16 மி.மீ. குழாயில் ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பூச்சு கொட்டும்போது குழாய் அழுத்தத்தில் இருக்க வேண்டும், மானி கண்ணில் பட வேண்டும். சிமென்ட் பூச்சு என்றால் 21 நாளுக்குப் பிறகே சூடேற்றத் தொடங்கலாம். அதுவும் முதல் மூன்று நாள் 20 முதல் 25 டிகிரி நீரில். சீக்கிரம் உலர்த்துகிறேன் என்று முதல் வாரமே முழுச் சூட்டில் ஓட்டினால் தரை வெடிக்கும்.

சூடான காற்றை ஊதும் அமைப்பில் இதே நியாயம் காற்றுக்குழாய்க்குப் பொருந்தும். பல ஃபர்னஸ்கள் 125 பாஸ்கல் எதிரழுத்தத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. குறுகிய பழைய குழாயில் பெரிய ஃபர்னஸை மாட்டினால் காற்று போதாமல் வெப்பமாற்றி சுட்டுப்போகும். எதிரழுத்தத்தையும் உள்ளே வெளியே வெப்பநிலை ஏற்றத்தையும் அளந்து, பெயர்ப்பலகையில் உள்ள வரம்போடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது

தண்ணீர் நிரப்பி, சூடு வந்ததும் "எல்லாம் ஓகே" என்று கிளம்புவது ஒப்படைப்பு அல்ல. எரிவாயு பாய்லரில் முழு வேகத்தில் எரியும்போது உள்ளே வரும் எரிவாயு அழுத்தம், புகையில் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டையாக்சைடும் எவ்வளவு என்று அளக்கும் கருவி அச்சிட்ட சீட்டு, எரிவாயுக் கசிவுச் சோதனையின் முடிவு. நீர் அமைப்பில் குளிர்நிலை அழுத்தம், போகும் திரும்பும் வெப்பநிலை. ஹீட் பம்பில் நிமிட ஓட்டமும், வெற்றிடச் சோதனையின் எண்ணும். இவை தேதியோடும் கையெழுத்தோடும் ஒரே தாளில் வேண்டும். இந்த எண்கள் இருந்தால் நாளை வேறு யார் வந்தாலும் எங்கே மாறியது என்று பிடித்துவிடலாம்.

பாய்லர் அமைப்பில் நீர் எத்தனை டிகிரிக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் புகையிலுள்ள நீராவி கண்டென்சிங் பாய்லரில் நீராகி அதன் வெப்பம் உங்களுக்குக் கிடைக்கும். 80-இல் வைத்துவிட்டுப் போனால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அந்த அம்சம் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருக்கும். வெளி வெப்பநிலைக்கேற்ப நீரின் சூட்டை ஏற்றி இறக்கும் வசதி பெரும்பாலான புதிய பாய்லர்களில் உண்டு. அதற்கான உணரியை வெயில் படாத சுவரில், ஜன்னலுக்கும் புகைமுனைக்கும் தள்ளி மாட்ட வேண்டும். குடங்கணக்கில் சுடுநீரைத் தேக்கும் தொட்டி இருந்தால் லெஜியோனெல்லா கிருமி வளராமலிருக்க 60 டிகிரிக்கு ஏற்றும் ஒழுங்கும் இருக்கட்டும்.

அதிகம் தவறவிடப்படும் வேலை சமன்செய்தல். ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் மூடியிட்ட சிறு வால்வு இருக்கும். பாய்லருக்கு அருகில் உள்ளவற்றில் அதை ஏறக்குறைய மூடி, தொலைவில் உள்ளவற்றில் திறந்து, எல்லாவற்றிலும் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் ஒரே வித்தியாசம் வரும்வரை திருக வேண்டும். அரை நாள் பிடிக்கும், பொறுமையைச் சோதிக்கும், படமெடுத்துக் காட்ட எதுவும் இருக்காது. அதனால்தான் கொட்டேஷனில் தனி வரியாகவே எழுதச் சொல்ல வேண்டும்.

கையேடுகள், பராமரிப்பாளர் கடவுச்சொல், வால்வுகள் இருக்கும் இடத்தின் வரைபடம், மூடிய குழாய்களின் படங்கள், ஆய்வாளரின் ஒப்புதல். கடைசித் தவணைக்கு முந்தைய தவணையே இவற்றுக்கு ஈடு.

முதல் குளிர்வாரத்தில் ஓர் அறை மட்டும் சூடாகவில்லை என்றால் வரிசை இது. ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் காற்று; சாவியால் வெளியேற்றி, அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். முழுதும் வெதுவெதுப்பாகவே இருந்தால் சமன்செய்தல் சரியில்லை. கீழே நடுவில் குளிர்ந்திருந்தால் சேறு. இம்மூன்றும் அவர் இலவசமாக வந்து சரிசெய்ய வேண்டியவை. ரேடியேட்டர் முழுவதும் வடிவமைத்த சூட்டில் இருந்தும் அறை எட்டவில்லை என்றால் கணக்குத் தாளை எடுங்கள்: அந்த அறைக்கு எத்தனை வாட் தேவை என்று எழுதினார், அந்த நீர் வெப்பநிலையில் அந்த ரேடியேட்டர் எத்தனை தரும். இரண்டாவது எண் சிறிதாக இருந்தால் பெரிய ரேடியேட்டர் அவர் செலவில். தாள் ஒப்பந்தத்தோடு பின்செய்யப்பட்டிருந்தால் இதில் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.